அத்தியாயம் 6: வெளியூர் ஆட்டத்தை உள்ளூர் ஆட்டமாக்குதல்

கல்பாக்கத்து அணுசக்தி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்காக எழுந்த குடியிருப்பு அணுபுரம். ஒரே படிக்கட்டில் ஏறினால் ஒரு கதவுக்குள் தமிழ், அடுத்ததில் மலையாளம், அதற்கடுத்ததில் வங்காளம் கேட்கும். பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், சாப்பிடும்போது வீட்டு மொழியும், கீழே இறங்கி விளையாடும்போது தமிழும் பேசுவார்கள். இந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளை ஒரு செஸ் போர்டைச் சுற்றி உட்கார வையுங்கள். தமிழ்ப் பிள்ளைக்கு மூலையில் நிற்பது யானை. மலையாளப் பிள்ளைக்கு அது தேர். யானை என்றால் குறுக்காகப் போகும் காய். வங்காளப் பிள்ளை மூலைக்காயைப் படகு என்று சொல்லும். தமிழ்ப் பிள்ளை குறுக்குக்காயை நினைத்து 'மந்திரி' என்றால், வங்காளப் பிள்ளையின் கண் ராணி பக்கம் போகும். இத்தனை குழப்பத்திலும் ஆட்டம் நிற்பதில்லை.

ஏனென்றால் பெயர் எதுவானாலும் காய் நகரும் விதம் மூன்று வீட்டிலும் ஒன்றுதான். ஓர் ஆட்டத்தை ஊர் மாற்றிக் கொண்டுவர நினைப்பவர் முதலில் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ள வேண்டும். வெறும் பெயராக இருப்பவை ஒரு பத்தி. ஆடுபவர் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டிய உரை இரண்டாவது. காய்கள் எத்தனை, கட்டங்கள் எத்தனை, எறிவதில் என்னென்ன எண் விழும் என்ற கணக்கு மூன்றாவது. பெயரைத் தாராளமாக மாற்றுங்கள். உரையை நம் வாய்ப்பேச்சுக்குக் கொண்டுவாருங்கள். கணக்கில் கை வைக்குமுன் பேனாவை எடுத்து எண்ணிப் பாருங்கள். கடையில் கிடைக்கும் உள்ளூர்ப் பதிப்புகள் பலவற்றில் பெயர் ஆங்கிலத்திலேயே கிடக்கும். கணக்கைத்தான் யாரோ போகிற போக்கில் மாற்றியிருப்பார்கள்.

பெயரளவு மாற்றத்துக்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. அதன் சின்னம் 'தம்பி', வேட்டி சட்டையோடு கைகூப்பி நிற்கும் குதிரை. சென்னை நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். ஊர் முழுக்க அந்த ஆட்டம் தமிழாட்டம் போலத் தோன்றியது; விதியில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. (கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, செஸ் அங்கேதான் பிறந்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.)

சதுரங்கத்தின் கணக்கும் ஒருகாலத்தில் மாறியதுதான். இங்கிருந்து பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போன ஆட்டத்தில், ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற மந்திரியால் குறுக்கே ஒரு கட்டம்தான் நகர முடியும். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியர்கள் அந்தக் காயை ராணியாக்கி, பலகை முழுக்கப் பாயவிட்டார்கள். ஆட்டத்தின் வேகமே வேறானது. இந்தியாவிலோ சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகலாம் என்ற பழைய விதி 20ஆம் நூற்றாண்டு வரை பல இடங்களில் இருந்தது. அந்த விதியில் வளர்ந்த மீர் சுல்தான் கான் 1929இல் இங்கிலாந்து போய், மேலை விதிப்படி ஆடி, அதே ஆண்டிலும் 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அவரைப் போன்ற மேதைக்கு அது முடிந்தது. உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரும் அத்தையிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

எறிவதை மாற்றினால் ஆட்டமே மாறும்

கணக்கு மாற்றத்தில் அதிகம் நடப்பதும், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். தாயக்கட்டை கிடைக்கவில்லை, லூடோ பகடையை வைத்துத் தாயம் ஆடுவோம் என்று உட்காருகிறோம். என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம்: 1, 2, 3, வெறுமை. இரண்டையும் உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது 2 விதத்தில்தான். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அது 16இல் ஒன்று. ஆறும் 16இல் ஒன்று. மூன்றுக்குத்தான் அதிக வாய்ப்பு, 16இல் 4. ஆகத் தாயம் விழ சராசரியாக எட்டு முறை உருட்ட வேண்டும். ஆறு பக்கப் பகடையில் ஒன்று விழ சராசரியாக ஆறு முறை போதும். நாலு சோழி குலுக்கி, ஒன்று மட்டும் மல்லாந்தால் தாயம் என்று ஆடினால், சோழி இருபக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால், நாலே முறை. காயை உள்ளே இறக்கக் காத்திருக்கும் நேரம் பாதியாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். தாயக்கட்டையில் அதற்கு 16இல் 6 வாய்ப்பு. பகடையில் 1, 5, 6க்கு மறு உருட்டு என்று வைத்தால் ஆறில் மூன்று, அதாவது சரிபாதி. ஒருவரே உருட்டிக்கொண்டிருக்க மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பார்கள். பன்னிரண்டு என்ற பெரும் பாய்ச்சல் அடியோடு காணாமல் போய்விடும். 'பகடையில் ஆடினால் தாயம் மாதிரியே இல்லை' என்று பாட்டி சொல்வதில் பழமைப் பற்று எதுவும் இல்லை. அவர் சொல்வது சரியான கணக்கு.

மாற்று வழி சுலபம். சாதாரணப் பகடை இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 4 விழுந்தால் வெறுமை என்று வையுங்கள். 5 அல்லது 6 விழுந்தால் அந்தப் பகடையை மட்டும் மறுபடி உருட்டுங்கள். தாயக்கட்டையின் கணக்கு அப்படியே கிடைத்துவிடும். பொறுமை இருந்தால் தச்சரிடம் சதுரமான இரண்டு மரக்குச்சி சீவி வாங்கி நீங்களே புள்ளி வைக்கலாம், அதுவே மேல்.

இந்த இழப்பு நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. வடக்கே சோழி போட்டு ஆடிய பச்சீசியில் 25 விழுவது பெரிய விஷயம். ஆட்டத்தின் பெயரே அந்த 25தான். 1896இல் இங்கிலாந்தில் அதற்கு லூடோ என்ற பெயரில் காப்புரிமை பெற்றபோது சோழி போய்ப் பகடை வந்தது, 25 மறைந்தது, பெயரும் மறைந்தது. அமெரிக்காவில் இதே ஆட்டம் 'பார்ச்சீசி' என்ற வணிகப் பெயராக 1874இல் பதிவானது. நாம் வடிவமைத்த ஆட்டங்களே பெட்டிக்குள் அடைபட்டு நமக்கு விற்கப்படுகின்றன என்பதை இதற்கு மேல் நீட்ட விரும்பவில்லை. சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய கிரீடா நிறுவனம் பழைய ஆட்டங்களை மறுபடி கடைக்குக் கொண்டுவந்திருக்கிறது. வாங்கிப் பாருங்கள்.

எண்ணிக்கையை மாற்றியே தீர வேண்டும் என்றால், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். நம் ஆடுபுலி ஆட்டத்தில் 23 சந்திகள், 3 புலி, 15 ஆடு. நேபாளத்துப் பாக் சாலில் 25 சந்திகள், 4 புலி, 20 ஆடு. பலகை பெரிதானபோது புலியும் ஆடும் சேர்ந்தே கூடின. கஞ்சிஃபா சீட்டும் அப்படித்தான். முகலாயர் காலத்துக் கட்டில் 8 இனம், இனத்துக்கு 12 சீட்டு, ஆக 96. அதை விஷ்ணுவின் அவதாரங்களுக்கு மாற்றியவர்கள் பத்து அவதாரத்துக்கும் இடம் வேண்டும் என்று 120 சீட்டாக்கினார்கள். எட்டோடு நிறுத்தி இரண்டு அவதாரங்களை வெட்டிவிடலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

எந்த நேரத்தில் ஆடுகிறார்கள்?

பரமபதம் நம் வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவுக்கு வரும் ஆட்டம். கண் விழிக்க வேண்டும், அதற்காக ஆடுகிறார்கள். உச்சியில் பரமபதத்துக்குச் சற்று முன்னால் வாயைப் பிளந்து நிற்கும் அந்தப் பெரிய பாம்பைச் சிறுவயதில் எல்லோரும் சபித்திருப்போம். என் கணிப்பில் அது வடிவமைப்பின் சாமர்த்தியம். விடியும்வரை ஓட வேண்டிய ஆட்டம் அரைமணியில் முடிந்துவிடக் கூடாது. இங்கிலாந்துக்குப் போனபோது அங்கே அது மாலை நேரத்துப் பிள்ளைகள் ஆட்டமானது. நம் பலகைகளில் பாம்புகள் அதிகம், ஏணிகள் குறைவு. அவர்கள் இரண்டையும் சமமாக்கினார்கள். 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டுப் பூங்காவில் இருக்கும் சறுக்குமரத்தை வைத்தது. பக்தி உள்ளவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் யார் ஆடுகிறார்கள், எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள் என்பதற்குப் பொருந்தியது.

ஆகவே எந்தப் பெட்டியைத் தமிழுக்குக் கொண்டுவருவதானாலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். அணுபுரத்தில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவுக்கும், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கும் பொதுவாகக் கிடைப்பது சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம்தான். மூன்று மணிநேர ஜெர்மானிய ஆட்டத்தை எவ்வளவு அழகாகத் தமிழாக்கினாலும் அது அலமாரியில்தான் இருக்கும்.

எழுத்தாட்டம்

சொல் கட்டும் ஆட்டங்களில் மொழிதான் கணக்கு. பெயரும் கணக்கும் வேறு வேறு என்று மேலே சொன்னது இங்கே மட்டும் செல்லாது. ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் 100 வில்லைகளைப் பங்கிட்டார். ஸ்பானிய மொழிக்குப் போனபோது இரட்டை எழுத்துகளுக்குத் தனி வில்லை வந்தது. வெல்ஷ் மொழியிலும் அப்படியே. நமக்கு 247 எழுத்து. ஒன்றுக்கு ஒரு வில்லை என்றாலே பை நிரம்பிவிடும்; 'ஙௌ' கையில் வந்தவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

பத்திரிகைக் குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து. 'கட்டில்' என்றால் க, ட், டி, ல் என நாலு கட்டம். தமிழ் வாசகருக்குப் பழகிய முறை இது. இதை மாற்றக் கூடாது. மாற்ற வேண்டியது வில்லையைத்தான். நான் பரிந்துரைக்கும் முறை: 18 மெய்க்கும் பெரிய வில்லை, 12 உயிருக்கும் அதன் மேல் வைக்கும்படி சின்ன வில்லை, அதாவது சில். முதலெழுத்து முப்பது என்று பள்ளியில் படித்தது இங்கே உதவுகிறது. பெரிய வில்லையில் 'க' என்று அச்சிடுங்கள். அதன் மேல் 'ஆ' சில்லை வைத்தால் கா, 'உ' வைத்தால் கு. சொல்லின் தொடக்கத்தில் அதே சில் தனியாக நின்றால் உயிரெழுத்து. கொம்பு, கால், சுழி இவற்றைச் சில்லில் அச்சிட வேண்டாம். ஒற்றைக் கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும், உகரமோ எழுத்தின் உருவத்தையே மாற்றிவிடும். வைக்க முடியாது.

புள்ளிக்கு என்ன செய்வது? வில்லையின் பின்பக்கத்தில் 'க்' அச்சிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் கை முழுதும் தெரிந்துவிடும். ஒரே முகத்தில் மேல்பாதியில் 'க', சீட்டுக்கட்டில் இருப்பதுபோல் தலைகீழாகக் கீழ்பாதியில் 'க்' போடுங்கள். திருப்பி வைத்தால் மெய். தமிழில் மெய்யெழுத்து வரியெங்கும் வருவதால் புள்ளிக்குத் தனி வில்லை கேட்டு யாரும் காத்திருக்கக் கூடாது.

எத்தனை வில்லை, எவ்வளவு மதிப்பெண் என்பதை ஊகத்தில் போடாதீர்கள். பட்ஸ் செய்ததையே செய்யுங்கள்: உங்கள் ஆட்டத்தை ஆடப்போகிறவர்கள் வாசிக்கும் ஒரு சிறுவர் இதழில் சில பக்கங்களை எடுத்து மெய்யையும் உயிரையும் தனித்தனியே எண்ணுங்கள். சங்க இலக்கியத்தில் எண்ணாதீர்கள். 'ங' அனேகமாக 'ங்க' என்றுதான் வரும். அதை இரண்டு கட்டம் பிடிக்கும் ஒரே வில்லையாக்கலாம். ஜ, ஸ, ஷ, ஹ வேண்டுமா என்பது கொள்கைச் சண்டை. பஸ்சும் ஜன்னலும் அன்றாடம் வாயில் வரும் வீட்டில் அவற்றைத் தடுத்தால் பிள்ளைகள்தான் தோற்பார்கள் என்பது என் கட்சி. தனித்தமிழ் வீடுகள் அந்த வில்லைகளை எடுத்து வைத்துவிட்டு ஆடலாம்.

இதைவிடப் பெரிய சண்டை, எது சொல் என்பது. 'மரத்தை' செல்லுமா? 'வந்தான்' செல்லுமா? செல்லும் என்றால் தமிழில் ஒவ்வொரு பெயருக்கும் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே போகலாம்; ஆட்டம் இலக்கண வகுப்பாகிவிடும். பெயர்ச்சொல் உருபில்லாமல், பன்மை செல்லாது, வினை மட்டும் எந்த முற்று வடிவத்திலும் வரலாம் என்பது ஆடத் தோதான எல்லை. நடுவராக க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வையுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை மேசைக்குக் கொண்டுவந்தால், வீட்டில் புலவர் பட்டம் பெற்றவர் யாராவது இருந்தால் ஒவ்வொரு முறையும் அவரே ஜெயிப்பார்.

வாங்கவும் விற்கவும்

பணம் புழங்கும் ஆட்டங்களை உள்ளூராக்குவது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தெருப்பெயரை மாற்றினால் போதும், இல்லையா? 1935இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி தெருக்களோடு வந்த மோனோபொலி, மறு ஆண்டே லண்டன் தெருக்களோடு இங்கிலாந்துக்கு வந்தது. நம்மிடம் 'பிசினஸ்' என்ற பெயரில் பம்பாயும் டெல்லியும் மெட்ராசும் விற்பனைக்கு வந்தன. எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற மூல ஆட்டம், நிலவாடகை மனிதரை எப்படி ஓட்டாண்டியாக்குகிறது என்று காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. கைமாறியதில் நோக்கம் தலைகீழானது.

இதையே அணுபுரத்தை வைத்துச் செய்ய நினைத்தால் முதல் கட்டத்திலேயே இடிக்கும். அங்கே வீடு குவார்ட்டர்ஸ். அலாட்மென்ட் வரும், பதவி உயர்ந்தால் பெரிய வீட்டுக்கு மாறலாம், ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவது என்ற எண்ணமே அந்தக் குடியிருப்புப் பிள்ளைக்கு அனுபவத்தில் இல்லாதது. அப்படியானால் ஆட்டத்தை அலாட்மென்ட்டாகவே செய்யுங்கள்: காத்திருப்புப் பட்டியல், மாறுதல், சாவி. அதற்குள் எவ்வளவோ போட்டி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தைச் சேர்க்கும்போது புதுப்பட்டினம் கடைத்தெருவை வாங்கும் கட்டமாக்கலாம். திருக்கழுக்குன்றம் கோயிலை விலைபோட்டு வைக்காதீர்கள். மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் வைக்காதீர்கள். 1984இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. டிக்கெட் எடுத்துப் பார்க்கும் கட்டமாக இருக்கட்டும்.

விதித்தாளும் பலகையும்

தமிழ் விதித்தாள்கள் பெரும்பாலும் யாரும் பேசாத தமிழில் இருக்கின்றன. ஆடும் இடத்தில் புழங்கும் சொற்கள் ஏற்கெனவே கையில் இருக்கும்போது புதிதாகக் காய்ச்ச வேண்டியதில்லை: காய், கட்டம், வெட்டு, தாயம், பழம், மலை, போங்கு. 'எதிராளியின் காயை வெட்டினால்தான் உள்ளே போகலாம்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

அடுத்தது மரியாதை. சீட்டை எடுப்பவர் பேத்தியாகவும் இருக்கலாம், பாட்டியாகவும் இருக்கலாம். 'பின்னால் போ' என்று பாட்டிக்குக் கட்டளையிடும் சீட்டு உறுத்தும். 'செல்லவும்' என்றால் பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பாகிவிடும். வினையை விட்டுவிடுங்கள். '2 கட்டம் பின்னால்', 'ஒரு ஆட்டம் கிடையாது' என்று எழுதினால் போதும். சீட்டில் இடமும் மிச்சமாகும். ஆங்கிலச் சீட்டின் அளவிலேயே தமிழை அடைத்தால் எழுத்து பொடியாகிப் பாட்டியால் வாசிக்க முடியாது.

நம் வீடுகளில் பலகையைத் தரையில் விரித்துச் சுற்றி உட்காருகிறோம். ஒரு பக்கம் பார்த்து அச்சிட்ட எழுத்து எதிரில் இருப்பவருக்குத் தலைகீழ், பக்கங்களில் இருப்பவர்களுக்குக் குறுக்கு. தாயக்கட்டத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பலகையில் படமும் நிறமும் போதும். பல மொழி வீடுகள் சேரும் இடத்தில் இது இன்னும் அவசியம். உரை முழுவதும் விதித்தாளுக்குப் போகட்டும், மொழிக்கு ஒரு தாளாக. தரையில் விரிப்பதால் கால் படும். ஆகவே சாமி படம் வேண்டாம். கடலோரமானதால் மெல்லிய அட்டை ஈரக்காற்றில் சுருண்டுவிடும். தடித்த அட்டையோ துணியோ எடுங்கள். காகிதப் பணம் மின்விசிறிக்குக் கீழே பறக்கும், புளியங்கொட்டை பறக்காது.

முடித்த ஆட்டத்தைச் சோதிக்கும்போது ஒரு வார்த்தையும் விளக்காதீர்கள். விதித்தாளைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்காருங்கள். எந்த வரியில் அவர்கள் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்களோ அந்த வரியைத் திருத்துங்கள். ஒரு தமிழ் வீட்டிலும், மொழிகள் கலந்த ஒரு கூட்டத்திலும் ஆடிப் பார்க்க வேண்டும். விற்பதாக இருந்தால் பிறர் வரைந்த படத்தையும் எழுதிய உரையையும் பதிவுசெய்த பெயரையும் தொடாதீர்கள்.

பல்லாங்குழியில் நாலு காய் சேர்ந்தால் பசு என்று எடுப்பது ஒரு வீட்டு வழக்கம் என்றால், அடுத்த வீட்டில் வேறொன்று இருக்கும். ஆந்திராவில் வாமன குண்டலு, கர்நாடகத்தில் அளிகுளி மணெ என்று ஆடி வளர்ந்தவர்கள் இன்னும் வேறு சொல்வார்கள். எல்லா விதியையும் நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். விதித்தாளின் அடியில் 'எங்கள் வீட்டு விதி' என்று தலைப்பிட்டு, கீழே நாலு வெற்றுக் கோடு விட்டு அச்சுக்குக் கொடுங்கள்.